நாற்பத்திரண்டாம் பதிவு

விவேக் நகர், பெங்களூரு
3 ஆகஸ்ட் 2009

ஹெர்பர்ட்,

எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். மஸ்கட் விலாசத்தை உன் அம்மாவிடம்தான் வாங்கினேன். ஈமெயிலில் போட்டால் உடனே போய்விடுமே என்றார்கள். எனக்கு ஈமெயில் வேண்டாம். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பக்கத்தைத் திறப்பது. அதற்கு மேல் கற்றுக்கொள்ள இஷ்டமில்லை.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நீயும் என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டும் கூட்டாக பிரௌசிங் சென்டர் நடத்திய காலத்தில் அவர் செய்து வைத்த பக்கம். மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் பூமி உருண்டை, நடுவில் குழந்தை இயேசு கோயில் தேர், நம் தெருக்களின் படங்கள். கீழே இத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர். வந்தவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக ஒரு கெஸ்ட்புக். 2001 ஏப்ரலில் ஓஸ்வால்ட் வீட்டை விட்டுப் போன பிறகு அதில் ஒரு படம்கூட மாறவில்லை. ஆனால் கவுன்ட்டர் மாறுகிறது.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஒரு சென்டருக்குப் போய் அதைத் திறக்கிறேன். நான் திறந்தால் ஒன்று கூடும். அது நான். ஆனால் போன வாரத்து எண்ணோடு பார்த்தால் எப்போதும் இரண்டு கூடியிருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு தடவை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லை என்றால் அது யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். இரண்டும் எனக்கு வேண்டாமாக இருந்தது.

இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது. ரெமிஜியஸ் என்று ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். மனைவி இறந்து ஆறு வருடம். என்னைக் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷன். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது ஹெர்பர்ட். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போய்விட்டது, இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஆள் காணாமல் போய் ஏழு வருடமானால் கோர்ட்டுக்குப் போதும், திருச்சபைக்கு அது மட்டும் போதாது என்கிறார் சாமியார். கணவர் உயிரோடு இருப்பதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியாது என்று ஆயருக்கு எழுதி, பைபிள் மேல் கை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இரண்டு மாதமாக என் பீரோவில் கிடக்கிறது.

கவுன்ட்டர் ஓடும்போது எப்படிப் போடுவேன்?

இலவசமாக இடம் கொடுத்த அந்தக் கம்பெனி அக்டோபர் 26-ஆம் தேதி எல்லாப் பக்கங்களையும் மூடப்போகிறதாம். மேலே பட்டை கட்டி எழுதியிருக்கிறது. அதற்குள் வருவது யார் என்று கண்டுபிடித்துச் சொல். அவரா, இல்லையா, அது மட்டும் போதும்.

யூனிஸ்


மஸ்கட்
16 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அண்ணிக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பயப்படாதீர்கள், அது ஆள் இல்லை. தேடிக் கொடுக்கும் கம்பெனிகள் ரோபோ மாதிரி ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் உள்ள பக்கங்களை எல்லாம் அது வாரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கரன்ட் மீட்டர் பார்க்க வருகிறவன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அண்ணனையும் தெரியாது, நம்மையும் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சென்டர் ஞாபகமாகவே இருக்கிறது. நாலு மெஷின், ஒரே போன் லைன். மோடம் கத்தத் தொடங்கினால் எதிர்வீட்டு ஆம்ப்ரோஸ் மாமா ஜன்னலைச் சாத்துவார். ஆஞ்சலாவுக்குக் கனடா மாப்பிள்ளை போட்டோ வந்த நாள் நினைவிருக்கிறதா? நெற்றியிலிருந்து கோடு கோடாக இறங்கி மீசை வருவதற்குள் அவர்கள் வீட்டில் எல்லோரும் காப்பி குடித்துவிட்டே வந்துவிட்டார்கள். மோவாய் வரும்போது லைன் கட். "பரவால்ல, மீசை வரைக்கும் நல்லாத்தான் இருக்கான்" என்று அவள் அப்பா சொல்ல, அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்கும் புரையேறியது. இங்கே ஆபீஸில் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. எதற்காகவும் யாரும் காத்திருப்பதில்லை.

ரெமிஜியஸ் அண்ணனை எனக்குத் தெரியும். முன்பு நீலசந்திராவில் மேட்டடார் வேன் ஓட்டியவர்தானே. நல்லவர். கையெழுத்துப் போடுங்கள் அண்ணி. பழையதைக் கிளற வேண்டாம்.

ஹெர்பர்ட்


விவேக் நகர்
27 ஆகஸ்ட் 2009

ஹெர்பர்ட்,

என் காதில் பூ சுற்றாதே. பதினெட்டு வருடமாக இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பென்சிலைத் திருடிவிட்டு, காக்கா கொண்டுபோச்சு மிஸ் என்று சொல்கிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்துக்கு அந்த முகம்தான்.

போன வருடம் மூன்று வாரம் தொடர்ந்து வியாழன் சாயங்காலம் ஒரு தடவையும் சனி காலை ஒரு தடவையும் போய்ப் பார்த்தேன். நான் திறந்ததைக் கழித்துப் பார்த்தால், வியாழனில் மாறாத எண் சனியில் மாறியிருந்தது. வருகிறவர் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். அப்போதெல்லாம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஏதோ ஊரில் அவருக்கு வெள்ளி விடுமுறை, அதுதான் வருகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருப்பேன். டீச்சர்கள் கிண்டல் செய்வார்கள்.

உன் கடிதம் வந்த பிறகு பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். ஒரே ஒரு வாரம் அந்த ஆள் வரவில்லை. 2007 ஜூன் இரண்டாவது வாரம். அந்த வாரம் உன் அம்மா கோயிலில் மெழுகுவர்த்தியோடு நின்று அழுததை நான் பார்த்தேன். மஸ்கட்டில் புயல், கரன்ட் இல்லை, போன் இல்லை, பிள்ளை என்ன ஆனானோ என்று. ரோபோவுக்கும் புயல் அடிக்குமா? அங்கே வெள்ளிக்கிழமை யாருக்கு லீவு என்று நான் சொல்ல வேண்டுமா?

நீதான். தெரிந்ததும் சென்டரில் உட்கார்ந்து அழுதேன். கையெழுத்துப் போட வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அவர் இல்லையே என்று அழுதேன். பக்கத்து மெஷின் பெண் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொன்று. மூடப்போகிறார்களே என்று கெஸ்ட்புக்கை மட்டும் பிரின்ட் எடுத்து வந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் எண் இருக்கிறது. தினம் அட்டென்டன்ஸ் எடுக்கிறவளுக்குக் கண் எங்கே போகும்? நாற்பத்தொன்று, மலேசியாவிலிருந்து யாரோ தேர் அழகு என்று எழுதியது. அடுத்தது நாற்பத்து மூன்று, ஏதோ மாத்திரை விளம்பரம். நாற்பத்திரண்டு இல்லை. அழிக்கிற பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்.

வாராவாரம் எதற்கு வருகிறாய்? நாற்பத்திரண்டில் என்ன இருந்தது?

யூனிஸ்


மஸ்கட்
12 செப்டம்பர் 2009

அண்ணி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் போஸ்ட் செய்துவிட வேண்டும்.

நான்தான் வருகிறேன். ரோபோ கதை பொய். ஏன் என்று சொல்ல அந்த ஏப்ரலிலிருந்து சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாதத்தில் உங்களுக்கு வலி வந்த அன்று, பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா சென்டருக்கு இரண்டு மணி நேரம் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதே லைனில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் பக்கத்தில் தேர்ப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கட் பண்ணிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஃபாத்திமா அக்கா உங்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், குழந்தையும் போன பிறகுதான் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் நீங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள், நானும் அங்கேதான் இருந்தேன். "அந்த டப்பாவோடயே போய்க் குடும்பம் நடத்துங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க." அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார்.

தினம் நீங்கள் சென்டருக்கு வந்து, ஏதாவது வந்ததா என்று கேட்பீர்கள். அவர் போன் பண்ணுவார் என்று நான் நம்பினேன். சென்டர் நம்பர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. மறுபடியும் லைன் எங்கேஜ்டாக இருக்கக் கூடாது என்று நெட் போடுவதையே நிறுத்திவிட்டேன். கஸ்டமர்களிடம் சர்வர் ரிப்பேர் என்றேன். ராத்திரியும் அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன்.

பிரௌசரில் ஆஃப்லைன் என்று ஒரு டிக் இருந்தது. அதைப் போட்டால் லைன் இல்லாமலே, முன்பு திறந்த பக்கத்தை மெஷின் எடுத்து வைத்திருந்து காட்டும். செலவு மிச்சம் என்று எல்லா சென்டரிலும் செய்வதுதான். பார்த்தால் அதே பக்கம், அதே உருண்டை, அதே கெஸ்ட்புக். ஆனால் இன்றைய பக்கம் இல்லை, என்றைக்கோ எடுத்து வைத்தது. அந்த டிக்கைப் போட்டது என் கைதான். நீங்கள் வரும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை அண்ணி என்றேன். நான் பார்த்தது பழைய பக்கம். மெஷின் படித்தவன், எனக்கு உறைக்கவே இல்லை. போன் மணியிலேயே என் காது இருந்தது.

மே 19-ஆம் தேதி ஒரு கஸ்டமர் சண்டை பிடித்ததால் நெட் போட்டேன். அண்ணன் பக்கம் தானாகப் புதிதாகத் திறந்தது. நாற்பத்திரண்டாம் பதிவு இருந்தது. தேதி மே 4. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எட்டு வருடமாக மனப்பாடம்.

"ஹெர்பர்ட், போன் பண்ண பயமா இருக்குது. அவ எடுத்துட்டா என்ன பேசறது. ஜோலார்பேட்டைல இருக்கேன். டெய்லி சாயங்காலம் ஸ்டேஷன் எதிர்ல ஒரு சென்டர்ல இத தெறந்து பாக்கறேன். யூனிஸ வான்னு ஒரு வார்த்த போட சொல்லு. வந்துடறேன்."

கவுன்ட்டரைப் பார்த்தேன். அன்று நான் திறந்ததைக் கழித்தாலும், எடுத்து வைத்த பக்கத்தில் இருந்ததைவிடப் பதினைந்து கூடியிருந்தது. அதுவரை நாங்கள் யாரும் திறக்கவில்லை. பதினைந்து சாயங்காலம் அண்ணி.

அன்றே ரயில் ஏறினேன். அந்த சென்டரைக் கண்டுபிடித்தேன். மூலையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்து போவாராம். "நேத்து வந்து பார்த்தாரு சார். இனிமே வர மாட்டேன், ஊரவிட்டுப் போறேன்னு சொன்னாரு." இரண்டு நாள் ஸ்டேஷனில், லாட்ஜுகளில் தேடினேன். இல்லை.

திரும்பி வந்து பதிவை அழித்தேன். உங்களிடம் சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் குழந்தைக்காகக் கறுப்புப் புடவை கட்டிக் கோயிலில் இருந்தீர்கள். முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அந்த வருடமே இங்கே வேலை தேடி ஓடி வந்துவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், அவர் மறுபடி ஏதாவது எழுதியிருப்பார் என்று. எழுதவில்லை. இந்தக் கடிதம் போன பிறகு நான் அதைத் திறக்க மாட்டேன், அம்மா மேல் சத்தியம்.

ஹெர்பர்ட்


விவேக் நகர்
24 செப்டம்பர் 2009

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார் என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன். அந்தக் கோபம்தான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது. கோபமாக இருந்தால் அழ வேண்டாம் இல்லையா. அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். நான் சொல்லியிருப்பேன் ஹெர்பர்ட். பிரசவ ஆஸ்பத்திரி வாடை என் புடவையில் போகும் முன்பே சொல்லியிருப்பேன். நீ லைனைக் காலியாக வைத்தது எங்களுக்காகத்தான், அதுவும் தெரிகிறது. அழித்தது உனக்காக.

எனக்கு எழுதாதே.


விவேக் நகர்
26 அக்டோபர் 2009

ஹெர்பர்ட்,

எழுதாதே என்று சொன்னவள் நான்தான். இப்போது நான் கேட்கப்போவதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் ரெமிஜியஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "வாங்க டீச்சர், ஜோலார்பேட்டை போய்ட்டு வந்துருவோம்" என்றார். ஸ்டேஷன் எதிரில் அந்த சென்டர் இல்லை. செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரெமிஜியஸ் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். எத்தனை வண்டி வந்து போனதென்று தெரியாது. இறங்கினவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன்.

நீ சத்தியம் செய்ததைச் சோதிக்காமல் விடுவேனா? சோதித்தேன். செப்டம்பரிலிருந்து ஐந்து ஞாயிறு தொடர்ந்து ஒன்றுதான் கூடியது. நான் மட்டும். அந்த ஐந்து வாரமும் எழவு வீட்டிலிருந்து கடைசி ஆளும் எழுந்து போன மாதிரி இருந்தது. சரி, முடிந்தது, கையெழுத்துப் போடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வியாழன் கோயிலில் நவநாள் செபம் முடிந்து சென்டருக்குப் போனேன். மூடுவதற்கு முன்னால் ஓஸ்வால்ட் கேட்ட அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கெஸ்ட்புக்கில் நான் எழுதியதே இல்லை. அன்று தண்ணீர் வாங்கிக் கொடுத்த பெண்தான் எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினாள். பெயர் யூனிஸ். கீழே, வாங்க. அவ்வளவுதான். ஒரு விரலால் தட்டினேன். எட்டரை வருடம் கழித்துச் சொல்கிற வார்த்தை. எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்தேன். 3118.

நேற்று ஞாயிறு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். 3120.

ஒன்று நான். கெஸ்ட்புக்கில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் எழுதியதற்குக் கீழே காலி. ஆனால் யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள். ரெமிஜியஸுக்கு அந்த விலாசம் தெரியாது, கேட்டும் விட்டேன். அந்தப் பெண்ணையும் கேட்டேன், தன் பக்கம் திறக்கவே நேரமில்லை என்றாள். இன்று காலை போனால் பக்கமே இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று வெள்ளையாக வருகிறது. இனி எண்ண எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மனசு தாங்காமல் நீதான் திறந்திருப்பாய். சத்தியத்தை மீறினாய் என்று நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ மீறியிருந்தால் எனக்கு நல்லது, புரிகிறதா? நான்தான் என்று ஒரு வரி எழுது. எழுதியிருந்தால் நம்புவேன். இரண்டாவது கேள்வி கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் தாளைக் கேட்கிறார் சாமியார். ரெமிஜியஸ் எதையும் கேட்பதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இந்த ஒரு வரி வந்தால் மன்னிப்பேன் என்று நினைக்கிறேன்.

யூனிஸ்


மஸ்கட்
6 நவம்பர் 2009

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நீங்கள் கேட்ட வரியை எழுதி, கவரில் போட்டு, விலாசமும் எழுதிவிட்டேன். அது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியதுதான். நாற்பத்திரண்டை அழித்தபோதும் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால் அந்தக் கவரைக் கிழித்துவிட்டேன்.

நான் இல்லை அண்ணி. செப்டம்பருக்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

ஹெர்பர்ட்